ஆதாரம்: என் கடை, பத்து முதல் ஆறு வரை

ஒரே வாரத்தில் மூன்று ஓவர்லாக் மெஷின்கள் ஒரே நோயோடு மெஷின் அக்காவின் கடைக்கு வந்து சேர்ந்தன. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே, பிரியாதபடி நூலால் சுற்றிப் பின்னுகிற மெஷின்தான் ஓவர்லாக். உங்கள் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் உள்பக்க ஓரத்தில் அதன் வேலை தெரியும். மூன்றிலும் லூப்பர் வளைந்திருந்தது. லூப்பர் என்பது ஊசிக்குக் கீழே இங்கும் அங்கும் ஆடி நூலைக் கொண்டுவந்து மாட்டுகிற கொக்கி. கொண்டுவந்த மூன்று பேரும் புதிதாகத் தையல் ஆரம்பித்தவர்கள். பேசி வைத்துக்கொண்டதுபோல மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"துணி நகரலக்கா. பிடிச்சு இழுத்தேன்."

"நல்லவேளை, மெஷின் உன்னைப் பிடிச்சு இழுக்கல," என்றாள் அக்கா.

மூன்றாவது பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் என்னக்கா பண்றது? சும்மா சும்மா உங்களுக்குப் போன் பண்ண ஒரு மாதிரி இருக்கு. நெட்ல தேடினேன். தமிழ்ல ஒண்ணுமே இல்ல. வேணும்னா நீங்களே பாருங்க."

அவள் நீட்டிய போனில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியம் திறந்திருந்தது. தையல் இயந்திரம் பற்றி ஒரு பக்கம். நடுவில் 'ஓவர்லாக்' என்ற சொல் மட்டும் சிவப்பாக இருந்தது. அக்கா எண்ணெய் விரலைத் துடைத்துவிட்டு அதைத் தொட்டாள். ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. இந்தப் பெயரில் கட்டுரை இல்லை, விரும்பினால் நீங்களே தொடங்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"யாரைச் சொல்றான்?"

"யார் படிக்கிறாங்களோ அவங்களைத்தான்."

"அப்ப என்னையா?"

"உங்களையும்தான்."

இருபத்திரண்டு வருடமாக மெஷின் பிரித்து மாட்டுகிறவள் அக்கா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆயத்த ஆடை ஆலையில் பிசிறு நூல் வெட்டுகிற வேலைக்குப் போனாள். கையில் கத்தரி இருந்தாலும் கண் எப்போதும் மெக்கானிக் பெட்டியின் மேலேயே இருக்கும். ஒருநாள் மெக்கானிக் விடுப்பில் இருந்தபோது ஒரு மெஷின் நின்றது. அது நின்றதால் பின்னால் இருந்த பதினான்கு மெஷின்களும் வேலையில்லாமல் நின்றன. மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தபோதே அக்கா பலகையைக் கழற்றிவிட்டாள். ஒன்பது நிமிடத்தில் மெஷின் ஓடியது. பிறகு அவளை யாரும் கத்தரி பிடிக்க விடவில்லை. இப்போது மாடிப்படிக்குக் கீழே சொந்தக் கடை. கட்டில் அகலம்தான் இருக்கும். தலையை நிமிர்த்தினால் படியில் இடிக்கும்.

அவள் வாழ்க்கையில் எழுதியதெல்லாம் மெஷின்களில் கட்டித் தொங்கவிடும் அட்டைத் துண்டுகள்தான். 'நூல் அறுகிறது.' 'ஊசி மாற்றணும்.' 'சத்தம், கேட்டுப் பார்.' வேலை முடிந்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு வெள்ளைப் பக்கம், நீங்களே தொடங்கலாம் என்றால் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வேறு இருந்தது. புதியவர்களுக்கு இணையவழிப் பயிற்சி, நான்கு சனிக்கிழமைகள், மதியம் மூன்று மணி, கட்டணம் இல்லை.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்கே வந்துவிடுவார். அவர் வந்தபோது, பயிற்சிக்காக மதியமே கடையை மூடிவிட்டு வந்திருந்த அக்கா சாப்பாட்டு மேசைமேல் இரண்டு நூல்கண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, போனுக்கும் சர்வீஸா?"

"பயிற்சிங்க. கலைக்களஞ்சியத்துல எழுதப் போறேன்."

"நீயா? வீட்டுல சிலிண்டர் புக் பண்ணச் சொன்னாலே எழுத்து எங்க இருக்குன்னு தேடுவியே."

"தேடினா கிடைக்குதுல்ல."

பயிற்சியில் பதினொரு பேர். நடத்தியவள் ஒரு நர்ஸ். ஓய்வு நாளில் இதைச் செய்கிறாள். கேமராவைத் திறக்கவே மாட்டாள், குரல் மட்டும்தான் வரும். இன்னொருவர் தபால்காரர். அவருக்கு மைக்கை மூடத் தெரியாது. அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் பதினொரு வீட்டிலும் கேட்கும். "தபால்காரரே, அடுப்பை அணைங்க, மூணு விசில் ஆயிடுச்சு," என்று அக்காதான் முதல் நாளே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காவின் பாதிப் பயம் போய்விட்டது.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு பயனர் பெயர் வைத்துக்கொண்டார்கள். சொந்தப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. அக்கா 'ஊசிமுனை' என்று வைத்தாள். பிறகு ஏதாவது ஒரு சின்னத் திருத்தம் செய்யச் சொன்னாள் நர்ஸ். தையல் இயந்திரம் பக்கத்தில், கையால் சக்கரம் சுற்றுகிற மெஷினின் படத்துக்குக் கீழே 'கால் மெஷின்' என்று போட்டிருந்தது. அக்கா 'கை மெஷின்' என்று மாற்றினாள். பொத்தானை அழுத்தும்போது, ஓடுகிற மெஷினுக்குள் விரல் விடுவதுபோல இருந்தது.

"இப்ப மேல 'வரலாறு'ன்னு இருக்கும், அதைத் தொடுங்க," என்றாள் நர்ஸ்.

யார், எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியலின் உச்சியில் நின்றது: ஊசிமுனை, 3:41. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காலை எடுத்துட்டு கையை வெச்சிருக்க. ஆஸ்பத்திரியில செய்யற வேலை," என்றார். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

இரண்டாவது வகுப்பில் மணல்தொட்டி. வெளியே தெரியாமல் எழுதிப் பழக ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, அதற்குத்தான் அந்தப் பெயர். அந்த வாரம் முழுக்க, ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் இடையில், ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஓவர்லாக் பற்றிப் பதினொரு வாக்கியங்கள் எழுதினாள் அக்கா. பதினொன்றாவதுதான் அவள் செல்லம். அதற்காகத்தான் மீதிப் பத்தையும் எழுதினாள் என்றே சொல்லலாம்.

விஷயம் இதுதான். மெஷினில் நூல் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே போகும். அந்தத் தட்டுகள் நூலை இறுக்கிப் பிடிக்கும், அதைத்தான் டென்ஷன் என்பார்கள். சாதாரண மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கினால் தட்டுகள் விலகும், நூல் தானாக உள்ளே விழும். ஓவர்லாக்கில் விலகாது. நூலை இரண்டு கையாலும் பிடித்து, வெடுக்கென்று உள்ளே உட்கார வைக்க வேண்டும். இது தெரியாமல்தான் புதியவர்கள் நூலை மேலோட்டமாகப் போடுகிறார்கள். தையல் சுருண்டு துணி மாட்டிக்கொள்கிறது, பிடித்து இழுக்கிறார்கள், ஊசி வளைந்து லூப்பரில் இடிக்கிறது. 'ஓவர்லாக்கில் பாதத்தைத் தூக்கினாலும் டென்ஷன் திறக்காது' என்ற இந்த ஒரு வரியைப் போனில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் அக்கா. இனிமேல் போய்ப் படி என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது வகுப்பில் நர்ஸ் சொன்னாள்: "நீங்க எழுதற ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆதாரம் குடுக்கணும். படிக்கிறவங்க போய்ச் சரிபார்க்க முடியணும்." அந்த நேரம் பார்த்து ஒருவர் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மறுநாள் சீருடை கொடுக்க வேண்டுமாம். அக்கா போனை மேசையில் விட்டுவிட்டு எழுந்தாள். திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்திருந்தது.

சரிபார்க்க முடியணும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். பதினொரு வாக்கியத்துக்கும் கீழே மிகவும் பொறுப்பாக எழுதினாள்: 'ஆதாரம்: என் கடை, மாடிப்படிக்குக் கீழ். காலை பத்து முதல் மாலை ஆறு வரை நேரில் வந்து மெஷினைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு விடுமுறை.' கூடவே போன் நம்பர். 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.

இருபது நிமிடத்தில் கட்டுரையின் தலையில் ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டது. 'கூழாங்கல்' என்ற பயனர் போட்டது. இக்கட்டுரை விளம்பரம் போலுள்ளது, தகுந்த சான்றுகள் இல்லை, ஏழு நாட்களில் சரிசெய்யப்படாவிட்டால் நீக்கப்படும்.

அக்கா உடனே நர்ஸ் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் விளம்பரமா பண்ணேன்? எனக்கு வர்ற வேலையே செய்ய நேரமில்ல."

"மேடம்லாம் வேணாங்க்கா. ஆதாரம்னா அச்சுல வந்த புத்தகம், பத்திரிகை, இந்த மாதிரி. அதை விளக்கறப்ப நீங்க எழுந்து போயிட்டீங்க."

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கை செஞ்சது பொய்யா?"

"கை பொய் சொல்லாதுக்கா. ஆனா வேற ஊர்ல உட்கார்ந்து படிக்கிறவங்க உங்க கையை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாங்க? புத்தகம்னா பக்கம் பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நம்ம கடைசி வகுப்பும் அன்னைக்குத்தான்."

போனை வைத்தாள். வீட்டுக்காரர் நகம் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போனாப் போகட்டும் விடேன். சம்பளமா தர்றாங்க?"

அக்கா நூல்கண்டுகளை எடுத்து டப்பாவில் போட்டாள். எதையும் எதிர்த்துப் பேசாத அக்காவை அவர் அதிகம் பார்த்ததில்லை. நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு மழை வரும்னு நினைக்கிறேன்," என்றார் பேச்சை மாற்ற.

"ஆதாரம்?"

அவர் சிரித்துவிட்டார். "என் ரூட்ல தொழிற்கல்லூரி ஸ்டாப் ஒண்ணு வருது. உள்ள நூலகம்னு போர்டு இருக்கு. பதினஞ்சு வருஷமா அதைத் தாண்டித்தான் வண்டியைத் திருப்பறேன். ஒருநாளும் யாரும் அதுக்குன்னு இறங்கினதில்ல. நீ இறங்கு."

புதன்கிழமை, வேலை நாளிலேயே, அக்கா கடையை மூடினாள். ஷட்டரில் ஓர் அட்டையைக் கட்டினாள்: 'ஆதாரம் தேடப் போயிருக்கிறேன். மாலை வருவேன்.' வீட்டுக்காரரின் வண்டியிலேயே ஏறினாள். நிறுத்தம் வந்ததும் அவர் கண்ணாடியில் பார்த்து, "நூலகம்லாம் இறங்கு," என்று குரல் கொடுத்தார். வண்டியே திரும்பிப் பார்க்க, அக்கா ஒருத்தி மட்டும் இறங்கினாள்.

நூலகர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மாணவியா நீங்க?"

"ஆமா சார். புதுசு."

"எந்தப் பிரிவு?"

"ஓவர்லாக்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கடைசி அலமாரிக்குக் கூட்டிப்போனார். தையல் தொழிற்பயிற்சிக்கான தடித்த பாடநூல் ஒன்றும், ஆடைத் தயாரிப்பு பற்றி இன்னொன்றும் இருந்தன. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், அதைக் கடைசியாக யாரோ எடுத்தது பதினொரு வருடத்துக்கு முன்பு. "வீட்டுக்குக் குடுக்க மாட்டோம், இங்கயே படிங்க," என்றார். ஏதோ கூட்டமாக ஆட்கள் அதற்குக் காத்திருப்பதுபோல.

அக்கா தன் பதினொரு வாக்கியங்களைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். முதல் வாக்கியம், பக்கம் 58. அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் கைக்குத் தெரிந்ததை, பார்த்தே இராத யாரோ முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, பக்கம் 59. மூன்றாவதுக்குப் படமே இருந்தது. அந்தப் படத்தில் லூப்பர், அவள் கடையில் தொங்குவதைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு நின்றது. மதியத்துக்குள் எட்டு வாக்கியங்களுக்குப் பக்க எண் கிடைத்துவிட்டது. ஒன்பதாவது இன்னொரு புத்தகத்தில் இருந்தது. 'இதைப்போல நல்ல மெஷின் உலகில் இல்லை' என்ற பத்தாவதுக்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் இருக்காது என்று அவளுக்கே தோன்றியது. அடித்துவிட்டாள்.

மிச்சம் பதினொன்று, செல்லம். பக்கம் 64. டென்ஷன் தட்டுகள் பற்றி ஒரு பத்தி. அக்கா விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். விரல் நின்றது.

ஆலைகளில் ஓடும் மாதிரிகளிலும் பல பழைய மாதிரிகளிலும் பாதத்தைத் தூக்கினாலும் தட்டுகள் திறப்பதில்லை. வீட்டு உபயோகத்துக்கான சில புதிய மாதிரிகளில் திறக்கும், அவற்றில் பாதத்தைத் தூக்கிய நிலையில்தான் நூல் கோக்க வேண்டும்.

"புத்தகம் தப்பு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். "இது பாடநூலும்மா."

"நான் எத்தனை மெஷின் பார்த்திருக்கேன் தெரியுமா சார்?"

"எல்லா மெஷினுமா?"

அக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவள் கடைக்கு வருவதெல்லாம் ஆலை கழித்துப் போட்டவையும் இரண்டாம் கை மெஷின்களும்தான். புது மெஷின் வாங்குகிறவர்கள் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். படிக்கட்டுக்குக் கீழே வந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வராததைப் பார்க்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்தாவதோடு பதினொன்றையும் அடித்துவிட்டாலும் கட்டுரை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது உண்மையா என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அடுக்குமாடியில் ஒரு தையல்கார அம்மா போன மாதம் புது ஓவர்லாக் வாங்கி, நூல் கோக்க வரவில்லை என்று போனில் கேட்டது ஞாபகம் வந்தது. பாதத்தைத் தூக்கினாலும் ஒன்றும் ஆகாது, வெடுக்கென்று இழுத்து உட்கார வையுங்கள் என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் கூப்பிடவே இல்லையே அக்கா?"

"ஒரே ஒரு நிமிஷம்மா. உங்க மெஷினை நான் தொடணும்."

மெஷின் பளபளவென்று ஜன்னலோரம் இருந்தது. அக்கா உட்கார்ந்தாள். பாதத்தை இறக்கி நூலை இழுத்தாள், இறுக்கமாக வந்தது. பாதத்தைத் தூக்கினாள். உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். நூலை இழுத்தாள். வெண்ணெயில் போவதுபோலச் சரசரவென்று வந்தது.

அக்கா மறுபடி இறக்கினாள், தூக்கினாள். டக். மறுபடி. டக். ஆறேழு தடவை செய்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு சின்னச் சத்தத்துக்கு யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்று அந்த அம்மா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"உங்களுக்குப் போன்ல நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சிடுங்க. இதுல பாதத்தைத் தூக்கிட்டுத்தான் நூலைப் போடணும்."

"அதானே பார்த்தேன். ஒரு மாசமா தையல் சுருண்டுக்கிட்டே இருக்கு. உங்க மேல இருக்கிற மரியாதைக்கு என் கையிலதான் கோளாறுன்னு நினைச்சேன்."

அக்கா பாதத்தைத் தூக்கி, நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டினாள். ஓரம் ரிப்பன்போல நேராக வந்தது.

கடைக்குப் போகும் வழியெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் கழித்து மெஷினில் ஒரு புது விஷயம். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரையைத் திறந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போட்டாள். செல்லத்தைப் பிரித்து, பல மாதிரிகளில் திறக்காது, சில புதிய வீட்டு மாதிரிகளில் திறக்கும் என்று எழுதி, பக்கம் 64 என்று போட்டாள். கடைசியாகக் கடை முகவரியும் போன் நம்பரும் மிச்சம். கட்டுரையில் நம் பெயர் இருக்கக்கூடாது, இருந்தால் வரலாற்றுப் பட்டியலில் மட்டும்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு அழித்தாள். பிறகு, கட்டுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில் கூழாங்கல்லுக்கு எழுதினாள்: 'ஆதாரம் போட்டுவிட்டேன். நான் முதலில் எழுதியதில் ஒன்று தப்பு. அதையும் திருத்திவிட்டேன். பார்க்கவும்.'

சனிக்கிழமை மூன்று மணி. பெட்டி அப்படியே இருந்தது. நர்ஸ் ஏதோ படம் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் காதில் ஏறவில்லை. வீட்டுக்காரர் சட்டைகூட மாற்றாமல், காக்கி உடுப்போடு பின்னால் நின்று அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை. பெட்டி இருந்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா சீக்கிரம் வராது," என்றாள் நர்ஸ். எப்படித்தான் தெரிந்ததோ.

"நான் பார்க்கல. இவர்தான் பார்க்கறார்."

"அடுப்பு மேல பாலை வெச்ச மாதிரி," என்றார் தபால்காரர், மைக் திறந்தே இருக்க.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அக்கா பக்கத்தைப் புதுப்பித்தாள். பெட்டி இல்லை. மறுபடி புதுப்பித்தாள். இல்லை. வரலாற்றைத் தொட்டாள். ஊசிமுனைக்கு மேலே கூழாங்கல் நின்றது. பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பாடநூல் என்னிடமும் இருக்கிறது. பக்கம் 64 பார்த்தேன், சரி. பெட்டியை எடுத்துவிட்டேன். நீளமான வாக்கியம் ஒன்றை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். தொடர்ந்து எழுதுங்கள்.'

அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். பதினொரு வீட்டிலும் கைதட்டல். தபால்காரர் வீட்டில் குக்கரும் சேர்ந்துகொண்டது.

"உங்க வாக்கியத்தைப் பிரிச்சிருக்காங்களே, கோவம் வரலையாக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

அக்கா கட்டுரைக்குப் போய்ப் பார்த்தாள். "இல்லம்மா. நல்லாத்தான் பிரிச்சு மாட்டியிருக்காங்க. ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் வைக்கல."

வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "எங்க அந்த கூழாங்கல்? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

"இதோ, பேருக்குப் பக்கத்துலயே 'நன்றி'ன்னு பொத்தான் இருக்கு."

"நான் அமுக்கட்டுமா?" என்றார். அவரே அழுத்தினார்.

பத்து நாள் கழித்து, மூன்றாவதாக லூப்பர் வளைத்துக்கொண்டு வந்த பெண் கடைக்கு ஊசி வாங்க வந்தாள். அக்கா ஒரு மெஷினுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு தெரியுமா? சில ஓவர்லாக்ல பாதத்தைத் தூக்கினா டென்ஷன் திறந்துக்குமாம். நீங்க திறக்கவே திறக்காதுன்னு சொன்னீங்க."

அக்காவின் கை நின்றது. தலையை வெளியே எடுக்காமலேயே கேட்டாள்: "யாரு சொன்னா? ஆதாரம் இருக்கா?"

"இருக்கே. அன்னைக்கு ஒரு வெள்ளைப் பக்கம் பார்த்தோம்ல, அதுல இப்ப எழுதியிருக்கு. கீழ புத்தகம் பேரு, பக்கம் 64ன்னு எல்லாம் போட்டிருக்கு."

"யார் எழுதினதாம்?"

"பேரெல்லாம் இல்ல. யாரோ தெரிஞ்சவங்கதான் எழுதியிருக்கணும்."

படியில் தலை இடித்துக்கொள்ளாமல் அக்கா மெதுவாக வெளியே வந்தாள். ஊசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"அப்ப அதுல இருக்கிற மாதிரியே செய்," என்றாள்.